புரட்டாசிக்கு முந்தின ஞாயிறு

எங்கள் வீட்டில் என் கேமராவுக்கு 'மூத்தவ' என்று பெயர். வைத்தது என் மனைவி. கல்யாணத்துக்கு முன்பே அதை நான் வாங்கிவிட்டதால், முறைப்படி அதற்குத்தான் முதலிடமாம். யாராவது என்னைத் தேடி வந்தால், "மூத்தவளக் கூட்டிக்கிட்டுக் கம்மாப் பக்கம் போயிருக்காரு, வர நேரமாகும்" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்வாள். புதிதாகக் குடிவந்த எதிர்வீட்டு அம்மா இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நாள் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டிருந்தார்.

கேமராவோடு ஒரு வலைப்பூவும் உண்டு. ஊரே வீடியோவுக்கு மாறிவிட்ட காலத்தில் இன்னும் பத்தி பத்தியாக எழுதிக்கொண்டிருக்கும் ஆள் நான். திருவரங்குளத்தைச் சுற்றியுள்ள கண்மாய்களில் வந்து உட்காரும் பறவைகள், வீட்டில் வைத்த குழம்பு, மகள் கேட்ட கேள்வி, மழைக்கு ஒழுகிய மாடி என்று கிடைத்ததையெல்லாம் எழுதுவேன். படிப்பவர்கள் யாரென்று பார்த்தால் முதலில் நான். அடுத்து, அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர். அவரும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பதால் வேறு வழியில்லாமல் படிக்கிறார். அப்புறம், எதையோ தேடி வழிதவறி வந்து விழுகிறவர்கள் சிலர்.

வீட்டில் யாரும் படிப்பதில்லை. "கூடவே இருந்து பாக்குறது பத்தாதா, அத வேற படிக்கணுமா?" என்பது என் மனைவியின் கட்சி. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளோ, சுடச்சுடத் தோசை வந்தாலும் தட்டைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "சாப்புடலாமாப்பா? இல்ல, தோசைக்கு இன்னும் வெளிச்சம் பத்தலையா?" என்று கேட்பாள். என்னால் இந்த வீட்டில் ஆறிப்போன தோசைகள் ஏராளம். இவ்வளவையும் பொறுத்துக்கொண்டு எனக்கும் சேர்த்து மூன்று வேளை சமைக்கிறார்கள். அப்படிப்பட்ட வேளைகளில் ஒன்றைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன ஆவணியில் என் மைத்துனனுக்குக் கல்யாணம் நடந்தது. மனைவிக்கு ஒரே தம்பி. இலுப்பூரில் என் மாமனாரும் மாமியாரும் வயல்வேலைக்குப் போய்விட, இவள்தான் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தவள். இன்றைக்கும் அவன் போன் பண்ணினால் "சாப்புட்டியா?" என்பதுதான் இவளுடைய முதல் கேள்வி, கடைசிக் கேள்வியும் அதுதான். அவன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். கல்யாணத்துக்குக் கிடைத்த விடுமுறை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்குள் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் புது மாப்பிள்ளை பொண்ணை வீட்டுக்குக் கூப்பிட்டு ஆட்டுக்கறி விருந்து போட்டுவிட்டார்கள். பெரியப்பா வீடு, சித்தப்பா வீடு, அத்தை வீடு எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தபோது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சமிருந்தது. செவ்வாய்க்கிழமை அவனுக்கு விமானம். புதன்கிழமை புரட்டாசி பிறக்கிறது. புரட்டாசியில் எங்கள் வீடுகளில் கறி புழங்காது என்பதால் விமானத்தைத் தள்ளிப்போட்டாலும் பயனில்லை. இந்த ஞாயிறு தவறினால், தம்பிக்கு அவள் கையால் ஆக்கிப் போடும் அடுத்த ஞாயிறு இரண்டு வருடம் கழித்துத்தான்.

"அக்கா, மத்த வீட்டுலயெல்லாம் பிரியாணி போட்டே கொன்னுட்டாக. எனக்கு நீ வைக்கிற கறிக்கொழம்பு போதும்" என்று அவனும் போனில் சொல்லிவிட்டான். அதைக் கேட்டதிலிருந்து இவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலமே மல்லி, மிளகு, சோம்பு எல்லாம் தட்டுகளில் வரிசையாகத் தயாராகிவிட்டன. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"காலையில ஆறு மணிக்கெல்லாம் கடையில நிக்கணும். புரட்டாசிக்கு முந்தின ஞாயித்துக்கெழம, ஊரே வந்து நிக்கும். ரெண்டு கிலோ. முன்னந்தொடை கேளுங்க."

"சரி."

"மூத்தவ வீட்டுலயே இருக்கட்டும்."

"சரி சரி."

ஒரு 'சரி' கூடிவிட்டது. அப்போதே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

என் யோசனை இதுதான். கண்மாய்க் கரையில் வெட்டுப்பட்ட கருவேலக் கட்டை ஒன்றில் ஒரு வாரமாக ஒரு மீன்கொத்தி வந்து உட்கார்ந்துகொண்டிருந்தது. அது தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பும் படம் ஒன்று எடுக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. கறிக்கடைக்குப் போகிற வழியில் ஒரு கால்மணி நேரம் நின்றால் யாருக்கு என்ன நட்டம்? கறி வாங்கும் கட்டைப்பைக்குள், தூக்குவாளிக்கு அடியில், மூத்தவளைத் துண்டில் சுற்றிப் படுக்க வைத்தேன். பறவை மிரளக் கூடாதே என்று கைபேசியின் வாயையும் அடைத்தேன். திட்டம் கனகச்சிதம்.

மீன்கொத்தி அதற்கு ஒத்துழைக்கவில்லை. அதுவும் என்னைப் போலத்தான் போலிருக்கிறது, தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தது. இதோ பாயப் போகிறது என்று நான் மூச்சைப் பிடிப்பேன், அது இறக்கையைக் கோதிக்கொள்ளும். நான் மூச்சை விடுவேன், அது மறுபடியும் குனிந்து பார்க்கும். இப்படி ஒருவர் பொறுமையை ஒருவர் சோதித்துக்கொண்டிருந்ததில், வெயில் முதுகில் சுட ஆரம்பித்த பிறகுதான் எனக்கு நேரம் உறைத்தது. நான் கையைத் திருப்பி மணி பார்த்த அந்த நொடியில் அது பாய்ந்தது. பதறிப்போய் அமுக்கினேன். படத்தில் கட்டை இருந்தது, தண்ணீர் இருந்தது, ஓரத்தில் நீலமாக ஒரு வாலும் இருந்தது.

கடைக்குப் போனால், கறிக்கடைக்காரர் வெட்டுக் கட்டையைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, இப்ப வாரீங்க?"

"ரெண்டு கிலோ வேணும். முன்னந்தொடை."

"முன்னந்தொடையா? நானே வீட்டுக்கு எடுத்து வைக்கல. விடியிறதுக்கு முன்னாடியே வந்து வரிசை கட்டிட்டாகண்ணே."

"தலை, குடல், ஏதாச்சும்?"

"தோலு இருக்கு. வேணுமா?"

ஊரில் இருக்கும் இன்னொரு கடைக்காரர் அவ்வளவுகூடப் பேசவில்லை. நான் வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டார்.

அப்போதுதான் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். மனைவியின் அழைப்புகள் சிவப்பு சிவப்பாகத் திரை நிறைய நின்றன. அவற்றுக்கு நடுவே மகளிடமிருந்து செய்திகள். 'அப்பா, அம்மா மசாலா வறுத்தாச்சு. எங்க இருக்கீங்க?' அடுத்தது, 'அம்மா கேமரா பீரோவத் தெறந்து பாத்துட்டாங்க.' அதற்கடுத்து ஒன்றுமில்லை.

பிராய்லர் கோழி வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் 'அக்கா வீட்டுல புது மாப்பிள்ளைக்குப் பிராய்லர் போட்டாக' என்று இலுப்பூரில் ஒரு பேச்சு கிளம்பினால், அது என் மகள் கல்யாணம் வரைக்கும் ஓயாது. பேச்சைக்கூட விடலாம். வறுத்த மசாலாவோடு அடுப்பங்கரையில் நிற்கிறவளை நினைத்தால்தான் வண்டி வீட்டுப் பக்கம் திரும்ப மறுத்தது. ஆலங்குடி ரோட்டில் விட்டேன். போகிற வழியில் இருந்த கடைகளெல்லாம் கழுவித் துடைத்து முடிந்திருந்தன.

கொஞ்ச தூரத்தில், ஒரு சின்ன ஊரின் முகப்பில், புளியமரத்தடியில் கூட்டம் தெரிந்தது. வாழை இலைகளில் கறி கூறு கூறாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு ஆட்டைப் பிடித்து, அறுத்து, சமமாகக் கூறு போட்டுக்கொள்வது எங்கள் பக்கத்து வழக்கம். வாங்குகிறவர்கள் எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்தவர்கள். வெளியாள் போய்க் கேட்பது, அடுத்த வீட்டுப் பந்தியில் அழையாமல் போய் உட்காருவது மாதிரி. நான் போய் உட்கார்ந்தேன்.

"அண்ணே, எனக்கு ஒரு கூறு..."

"எல்லாத்துக்கும் ஆளு இருக்குங்க."

"புது மாப்பிள்ளை விருந்துண்ணே. எம் பொண்டாட்டியோட தம்பி. செவ்வாக்கெழம சிங்கப்பூர் போறான்."

"அப்ப வெள்ளனயே வர வேண்டியதுதானே? இம்புட்டு நேரம் என்ன பண்ணுனீங்க?"

பொய் சொல்ல ஒன்றும் தோன்றவில்லை. கழுத்தில் தொங்கியதைத் தொட்டுக் காட்டி, "மீன்கொத்தியப் படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன். புளியமரத்தடியே சிரித்தது. கறிக்கு வந்தவர்களில் ஒரு அம்மா, "பாவம்டி அந்தப் பொண்ணு" என்று, பார்த்தே இராத என் மனைவிக்காக உச்சுக்கொட்டினார்.

சிரித்தவர்களில் பெரிய மீசைக்காரர் ஒருவர் என்னையும் கேமராவையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ரெண்டு கூறு சொல்லி வச்சிருந்தேன். மகளும் மருமகனும் வாரேன்னாக, இப்பத்தான் லீவு கெடைக்கலைன்னு போன் வருது. அவுக கூற நீங்க கொண்டு போங்க" என்றார். நான் அவசரமாகப் பையில் கைவிட்டேன். "காச உள்ள வைங்க. எங்க வீட்டுக் காளைய நல்லா ஒரு படம் எடுத்துக் குடுங்க, அது போதும். பொங்கலுக்கு ஃபிளெக்ஸ் அடிக்கணும். போன்ல எடுத்தா பய எலி மாதிரி தெரியுறான்."

அவர் வீடு பக்கத்திலேயே இருந்தது. பின்னால் கட்டியிருந்த மயிலைக் காளையைப் பார்த்ததும், எலியாகக் காட்டிய கைபேசி எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்கத் தோன்றியது. திமில் என் தோள் உயரம் இருந்தது. அவருடைய மனைவி, "இருங்க, மூஞ்சி தொடைக்காம எப்புடி?" என்று ஈரத்துணியால் அதற்கு முகம் துடைத்து, நெற்றியில் சந்தனம் வைத்து, சலங்கைப் பட்டையைக் கட்டினார். கல்யாணப் பெண்கூட இவ்வளவு அமைதியாக நின்று நான் பார்த்ததில்லை. அந்த அம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சாமி, மாமாவப் பாரு" என்றதும் அது என்னைப் பார்த்தது. மாமா கேமராவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"கிட்டக்க வாங்க, ஒண்ணும் பண்ணாது" என்றார் மீசைக்காரர், தான் எட்டி நின்றுகொண்டு.

ஒரு அடி முன்னால் வைத்தேன். காளை லேசாக மூச்சுவிட்டது. நான் மூன்று அடி பின்னால் போனேன். பின்னால் கழுநீர்த் தொட்டி இருந்ததை யாரும் சொல்லவில்லை. இடுப்பு வரைக்கும் அரிசி களைந்த தண்ணீரும் புண்ணாக்கும், தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த கையில் மூத்தவள். இப்படி யாராவது தன் தொட்டிக்குள் உட்காருவதைக் காளை அதுவரை பார்த்ததில்லை போலும். தலையை நிமிர்த்தி, காதை விறைத்துக்கொண்டு, ராஜா மாதிரி நின்று என்னைப் பார்த்தது. உட்கார்ந்த வாக்கிலேயே அமுக்கினேன்.

இத்தனை வருடத்தில் நான் எடுத்த படங்களில் அதற்குத்தான் முதலிடம். அடுத்த வாரமே சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்தில் இப்போது அது மாட்டியிருக்கிறது, மருமகன் படத்துக்கு மேலே. என் புகைப்பட வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கூலியும் அந்த ஒரு கூறு ஆட்டுக்கறிதான்.

வீட்டு வாசலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். நான் வாயைத் திறக்குமுன் பையை வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஒரு துண்டை விரலால் அமுக்கினாள்.

"எளங்கறிதான்" என்றாள். பிறகு மூக்கைச் சுளித்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இது என்ன நாத்தம்?"

"ஒரு காளை மாடு..."

"இப்ப எதுவும் பேசாதீங்க. அங்கிட்டுப் பொறவாசல் வழியாப் போயிக் குளிச்சுட்டு வந்து வெங்காயம் உரிங்க."

உரித்தேன். சின்ன வெங்காயத்துக்கு முன்னால் உட்கார்ந்தால் அழுவதற்குத் தனியாகக் காரணம் தேட வேண்டாம் என்பது ஒரு வசதி. மகள் எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, "அம்மா அழுதாங்கப்பா" என்று மெதுவாகச் சொன்னாள். "எப்ப?" என்றேன். "கேமராவக் காணோம்னு தெரிஞ்சப்ப. மாமாவுக்கு ஒண்ணுமே ஆக்கிப் போடாம அனுப்பப் போறேன்னு." அதற்கப்புறம் நான் உரித்த வெங்காயமெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு உரித்ததுதான்.

பன்னிரண்டரைக்கு வருவதாகச் சொன்னவர்கள், குக்கர் விசில் எல்லாம் அடங்கி, சுக்காவும் இறக்கி, இலை கழுவி வைத்த பிறகுதான் வந்தார்கள். மணி இரண்டை நெருங்கிவிட்டது. என் நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியிலிருந்து இறங்கிய புதுப்பெண்தான் முதலில் பேசியது. "மன்னிச்சுக்கங்க அண்ணி, ஒங்க ஊருக் கோயிலுக்குப் போனோம். சரியான கூட்டம்."

எங்கள் ஊர் சிவன் கோயில் மத்தியானம் நடை சாத்திவிடும் என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறக்கப் போனவன், என் மனைவியின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். நான் வாயை மூடியதால் நன்மை விளைந்த சந்தர்ப்பங்களில் அதுவும் ஒன்று.

இலை போட்டோம். வழக்கமாக இந்த இடத்தில் நான் நாற்காலி மேல் ஏறி நின்று, "யாரும் கை வைக்காதீங்க, ஒரே நிமிஷம்" என்று கத்துவேன். அன்றைக்கு ரசவாளியைத் தூக்கிக்கொண்டு நல்ல பிள்ளையாகப் பரிமாறினேன். மகள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்துவிட்டு, "நெசமாவே சாப்புடலாமா?" என்று கேட்டாள்.

என் மனைவி அன்று என்னிடம் காட்டிய மரியாதை சொல்லி மாளாது. "ஏங்க, இங்கிட்டு ஒரு கரண்டி ஊத்துங்க." "ஏங்க, நீங்களும் ஒக்காருங்களேன், காலையிலேருந்து நிக்கிறீங்க." புதுப்பெண் பக்கம் திரும்பி, "விடியக்காலமே போயி நின்னு, பாத்துப் பாத்து வாங்கிட்டு வந்தாரும்மா. கறி விசயத்துல இவருகிட்ட யாரும் ஏமாத்த முடியாது" என்றாள். அந்தப் பெண் கண்ணை அகல விரித்து, "அப்புடியாண்ணே?" என்று கேட்டது. நான் ரசத்தைக் கிளறினேன். "இவருக்குத் தெரிஞ்ச எடம் ஒண்ணு இருக்கு. மத்தவகளுக்கு இல்லைன்னாலும் இவருக்குன்னு எடுத்து வச்சுருவாக" என்று அவள் மேலும் இரண்டு செங்கல் அடுக்கினாள். இவ்வளவு பெரிய மனிதனோடா நான் இத்தனை வருடம் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தேன் என்று எனக்கே ஒரு நிமிடம் பெருமையாகிவிட்டது.

மைத்துனன் இலையில் குனிந்தவன் நிமிரவில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டான், மறுபடியும் சோறு வாங்கினான், மறுபடியும் குழம்பு வாங்கினான். அவள் அவன் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

சாப்பிட்டு முடித்து அவன் பின்பக்கக் குழாயில் கை கழுவும்போது நான் துண்டோடு போய் நின்றேன்.

"ஏன் மாப்ள, நடை சாத்துன கோயில்ல அப்புடி என்ன கூட்டம்?"

அவன் சிரித்துவிட்டான். "காலையில அக்கா போன் போட்டுச்சு மச்சான். 'ஒங்க மச்சான் அந்த மீன்கொத்தியத் தேடிப் போயிட்டாரு, இன்னும் கறியக் கொண்டுக்கிட்டு வரல, நீ மெதுவா வா, அவகிட்ட ஒண்ணும் சொல்லிறாத, அவரத் தப்பா நெனைச்சுக்கப் போறா'ன்னுச்சு. நாங்க அதுக்குள்ள கெளம்பி வந்துட்டோம். கோயில் வாசல்ல ஒரு மணி நேரத்துக்கு மேல கடலை வாங்கித் தின்னுக்கிட்டு ஒக்காந்திருந்தோம்."

"அப்ப ஒன் சம்சாரத்துக்குத் தெரியுமா?"

"ஒக்காத்தி வச்சுட்டு எப்புடிச் சொல்லாம இருக்குறது? சொன்னேன். 'அண்ணி சங்கடப்படுவாக, நாம கோயில்ல கூட்டம்னு சொல்லிருவோம்'னு அவதான் சொன்னா."

அப்படியானால் "அப்புடியாண்ணே?" என்று கண்ணை விரித்த பெண்ணுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். எனக்காக என் மனைவி அவளிடம் பொய் சொல்கிறாள், என் மனைவிக்காக அவள் அந்தப் பொய்யை நம்புகிறாள், குடும்பத்துக்கு வந்து மூன்று வாரம் ஆகாத பெண். நடுவில் ரசவாளியோடு நான்.

"அது கெடக்கட்டும். மீன்கொத்தி கெடைச்சுச்சா மச்சான்?" என்றான்.

"வாலு மட்டும்."

கேமராவை எடுத்துக் காட்டினேன். வாலைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தவன் அடுத்த படத்தில் காளையைக் கண்டதும் நிமிர்ந்தான். "இது யாருது?" என்றான். தொட்டிக்குள் விழுந்தது வரை சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் அவன் அக்கா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "என்னடா?" என்றாள். "ஒண்ணுமில்லக்கா, மச்சான் கதை சொல்றாரு" என்றான்.

சாயங்காலம் கிளம்பினார்கள். புதுப்பெண்ணுக்குப் பூவும் ரவிக்கைத் துணியும் வைத்துக் கொடுத்தாள். தம்பிக்கு விபூதி பூசிவிட்டு, "ஒழுங்காச் சாப்புடு" என்றாள். வண்டி முக்கு திரும்பி மறைந்த பிறகும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளிடம் சொல்ல நிறைய இருந்தது. எங்கள் வீட்டில் நன்றி என்றெல்லாம் யாரும் சொல்லிப் பழக்கமில்லை, சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள். அதனால் சும்மா பக்கத்தில் போய் நின்றேன். காலையில் நடந்ததற்கு இப்போது திட்டு கிடைக்கும் என்று தயாராகவும் இருந்தேன்.

"நல்லாச் சாப்புட்டான்ல?" என்றாள்.

"நல்லாச் சாப்புட்டான்."

உள்ளே போய்ப் பாத்திரங்களை எடுத்துப் போட்டாள். நான் துலக்க உட்கார்ந்தேன். குழம்புச் சட்டியைக் கவிழ்க்கும்போது அடியில் ஒரு கரண்டிகூட மிச்சமில்லை என்பதைச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏங்க, அவன் வெக்கப்பட்டுக்கிட்டு கொறைச்சுச் சாப்புடலையே?"

"ரெண்டு தடவ சோறு வாங்குனான். நாந்தானே போட்டேன்."

"மூணு" என்றாள், சட்டியைக் கழுவிக்கொண்டே.